பேனர் கடையில் ரூட் அதிகாரம்

லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற வேலையில் கம்ப்யூட்டர் படுத்துகிற பாடு கொஞ்சம்தான், "எனக்கு ஏன் பாஸ்வேர்டு தரல?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷங்க படுத்துகிற பாடுதான் அம்புட்டும். அடிபட்ட சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஊரறிந்த ரகசியம்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் காளவாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடைக்கு நான்தான் சிஸ்டம் பார்த்தேன். லினக்ஸில் 'ரூட்' என்றொரு கணக்கு உண்டு. அதில் நுழைந்தவர் எதை அழித்தாலும் தடுக்க ஆள் கிடையாது. அதன் பாஸ்வேர்டை முதலாளி ரங்கண்ணன் டீ சொல்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்வார். பக்கத்து ஜூஸ் கடைக்காரருக்கே மனப்பாடம்! மாத்துங்கண்ணே என்று கெஞ்சினால் சிரிப்பார்.

"நம்ம கடையில வேத்தாளு யாருப்பா இருக்கா?"

தாய்மாமன் கட்டம்

வேத்தாள் எதற்கு? டிசைனர் பாண்டி போதாதா? ஒரு நாள் சாயங்காலம், விடிந்தால் சோழவந்தானில் அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பேனர் இல்லாத தாய்மாமனை யார் மதிப்பார்கள்? டிஸ்கில் இடம் பத்தவில்லை என்று ரூட்டில் நுழைந்தவன், 'யாருமே தொறக்காத' ஒரு போல்டரை அழித்துவிட்டான். அதில்தான் தமிழ் எழுத்தைக் காட்டுகிற ஃபாண்ட் அம்புட்டும் இருந்தது. நான் ஆரப்பாளையத்திலிருந்து சிடியோடு ஓடினேன். பாண்டி பாவம், அழாத குறை.

"அண்ணே, எம் பேரு இருந்த எடத்துல வெறுங் கட்டமா நிக்குதுண்ணே. சொந்தபந்தம் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

யாருகிட்ட ரிப்போர்ட்?

ஃபாண்டை ஏற்றினேன், பாண்டிக்கு உயிர் வந்தது. கையோடு ரூட்டைப் பூட்டினேன். 'சுடோ' என்ற வசதி வழியாக, பிரிண்டர் மக்கர் செய்தால் திரும்ப ஓட வைக்கிற உரிமை மட்டும் பாண்டிக்கு, அதுவும் அவனுடைய சொந்தப் பாஸ்வேர்டில். பில் மட்டுமே போடுகிற முதலாளிக்கு அதுவும் இல்லை. அண்ணன் வாடிய முகத்தோடு தலையாட்டினார். நான் படியிறங்கியதும் திருட்டுத்தனமாக சுடோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். 'உங்களுக்கு அனுமதியில்லை, இது ரிப்போர்ட் செய்யப்படும்' என்று இங்கிலீஷில் வந்துவிட்டது. அந்த ரிப்போர்ட் எனக்குத்தான் வரும் என்று தெரியாமல், அலறியடித்து எனக்கே போன் போட்டார்.

"தம்பி, யாருகிட்டப்பா ரிப்போர்ட் பண்ணும், போலீஸ் ஸ்டேஷன்லயா?"

பட்டம்

மறுநாள் மண்டப வாசலில் பேனர் ஜம்மென்று நின்றது. பாண்டியின் பேர் ஓர் எழுத்து குறையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே அம்புட்டு சந்தோஷம். கீழே ஓரத்தில் ரங்கண்ணன் படம், 'சகல அதிகாரமும் பெற்ற எங்கள் அண்ணன்' என்ற பட்டத்தோடு! முதலாளி முகம் வாடியதைப் பார்த்து, பாண்டி கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறான். அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"நீ தராட்டி போ மாப்ள, பாண்டி குடுத்துட்டான்!"

ஆகவே மக்களே, அதிகாரத்தைப் பேனரில் அள்ளிக் கொடுங்கள், கம்ப்யூட்டரில் மட்டும் கிள்ளிக் கொடுங்கள்.