பதினைந்து குரோமோசோம்கள்

தர்மபுரியில் நான் தாவரவியல் படித்தபோது, ரெக்கார்டு நோட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சீனியர் அக்காவின் நோட்டைப் போனில் படமாக வாங்கி, அதிலிருப்பதை அப்படியே வரைந்துவிட வேண்டும். அந்த அக்காவும் அப்படித்தான் வரைந்திருப்பார். நுண்ணோக்கியில் ஆளுக்கு ஒரு நிமிடம் சும்மா எட்டிப் பார்ப்போம். வெங்காய வேர்நுனியில் செல் பிரியும் படத்தில் நான்கே குரோமோசோம்கள், தலைவாரிய பிள்ளைகள் பிரேயரில் நிற்பது போல வரிசையாக நின்றன.

என்னைக் கெடுத்தது நூலகப் புத்தகம் ஒன்று. மனிதச் செல்லில் நாற்பத்தெட்டு குரோமோசோம் என்று ஒரு பெரிய விஞ்ஞானி எண்ணிச் சொல்ல, முப்பது வருடங்களுக்கு மேல் உலகமே அதை நம்பியதாம். உண்மையில் நாற்பத்தாறுதான். எண்ணியும் நாற்பத்தெட்டு வராத சிலர் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டார்களாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் மேல் மட்டுமல்ல, என் நோட்டின் மேலும்.

விடுதி ஜன்னலில், டம்ளர் தண்ணீரில் வெங்காயத்தை வேர்விட வைத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிக்கடியில் கட்டைவிரலால் நசுக்கினேன். ஐந்தாறு நாள் ஒரே குழப்பம்தான். ஒருநாள் ஒரு செல் நன்றாகப் பரவியிருந்தது. புத்தகம் பதினாறு என்றது. எத்தனை முறை எண்ணினாலும் எனக்குப் பதினைந்துதான் வந்தது. பதினைந்தையே கோணல்மாணலாக வரைந்தேன்.

ஆய்வக வகுப்பு எடுக்கும் மேடம் நோட்டை மேசைமேல் வீசினார். "எல்லாரும் நாலு போட்டிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? மாத்தி வரைஞ்சாத்தான் சைன்."

கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. ஒரு வருடம் போய்விடும். சித்தேரி மலையிலிருந்து படிக்க வந்தவள் நான். ஒரு வருடம் போனால் வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"நாலை நான் பாக்கவே இல்லைங்க மேடம். ஸ்லைடு இன்னும் அப்படியே இருக்கு, நீங்களே வந்து பாருங்க."

பின்னாலிருந்து ஒருத்தி என் துப்பட்டாவை இழுத்தாள்.

மேடம் வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

"பதினாறு," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஓரத்துல ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது பாரு. அதையும் போட்டுக் குடு, சைன் பண்றேன்."

வெகுநேரம் பார்த்தேன். அந்த ஓரத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.

"எனக்குத் தெரியலைங்க மேடம்," என்று நோட்டை அப்படியே நீட்டினேன்.

என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதினைந்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.