லைட் பாக்ஸுக்குள் ஒரு மஞ்சள் கல்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அண்ணன் நடத்தும் பனியன் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை பார்த்துவந்தேன். துணியின் நிறத்தை ஒத்துப்பார்க்க சாம்பிள் அறையில் ஒரு லைட் பாக்ஸ் உண்டு. அதற்குள்தான் ஆன்லைனில் வாங்கிய அந்த மஞ்சள் கல்லை அண்ணன் வைத்தார். புற ஊதா விளக்கைப் போட்டால் பச்சையாக ஒளிரும். பனியன் வாங்க வருகிற பையர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்.

நான் வேதியியல் படித்தவள். பார்த்த அன்றே, "இது யுரேனியக் கல்லுங்ண்ணா. எம்பிள்ளை வந்து போற எடம்" என்றேன்.

"ஏனம்மிணி, அதுபாட்டுக்கு உக்காந்திருக்குது. உன்னையாட்டம் கத்துதா?"

கட்டிங் டேபிளில் துணி அடுக்குவதுபோல, யுரேனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும் கல் அது. நடுவே இருக்கும் தண்ணீர்தான் அடுக்குகளைப் பிடித்துவைக்கிறது. சூட்டில் தண்ணீர் போனால் அமைப்பே மாறி, ஏடு ஏடாகப் பொடிந்து உதிரும். அந்தப் பொடி உடம்புக்குள் போகக் கூடாது. அந்தப் பெட்டியோ நாள் முழுக்கச் சுடும். மூடிபோட்ட பாட்டிலில் வைக்கச் சொன்னேன். மினுக்கம் குறைந்துவிடுமாம்.

பள்ளி விட்டதும் என் மகள் அங்கேதான் வருவாள். ஒரு நாள் லைட் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லைச் சுற்றி மஞ்சள் பொடி. நான் உள்ளே நுழைந்தபோது அண்ணன் கையில் காற்றடிக்கும் ஏர் கன். பஞ்சுத் தூசியோ நூல் பிசிறோ, எங்கள் கம்பெனிகளில் எதையும் துடைக்க மாட்டார்கள். காற்றடித்து விரட்டித்தான் பழக்கம்.

"வேண்டாங்ண்ணா!" என்று கத்தினேன். புஸ்ஸென்ற சத்தத்தில் அது கேட்கவில்லை.

மகள் இருமினாள். சோற்றின் மேல் மஞ்சள். அவள் உதட்டோரத்திலும் மஞ்சள்.

"அட, கோயில் மஞ்சளாட்ட இருக்குது கண்ணு!" என்று அண்ணன் சிரித்தார்.

வாய் கொப்பளிக்க வைத்து, தலையோடு குளிப்பாட்டி, மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "இத்தனூண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லீங்க" என்றார். நம்பினேன். அவள் தூக்கத்தில் இருமினால் அந்த நம்பிக்கை போய்விடுகிறது.

அறையை ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கல்லையும் பாட்டிலில் அடைத்து, நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு ஒப்படைத்தேன்.

மறுவாரம் அண்ணன் போன் செய்தார். "பையர் வர்றாங்க அம்மிணி. கல்லு எங்கேன்னு கேக்கறாங்க. வேற ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, இது பெருசு. பாப்பாவையும் கூட்டிட்டு வா, பாக்கட்டும்."

போனை வைத்தேன். இப்போது நான் அங்கே வேலைக்குப் போவதில்லை. மகளின் டிபன் டப்பா அங்கேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.