எஸ்தரின் வெள்ளிக்கிழமை உபவாசம்

சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்த 1991-ஆம் வருஷம் என் வீட்டில் ரெண்டு சாவு விழுந்திருக்க வேண்டும். ஒன்று விழுந்தது. இன்னொன்றை ஆண்டவர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பாஸ்டர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

மாசி மாசம் என் தம்பி சாமுவேல், மறைமலை நகர் கம்பெனியில் காலை ஷிப்டில் நின்றவாக்கிலேயே விழுந்தான். மாரடைப்பு. நாற்பத்திரண்டு வயசு. எங்கள் அப்பாவும் ஏர் ஓட்டும்போது அப்படித்தான் விழுந்தார். அடுத்தது நான்தான் என்று மனசில் பதிந்துவிட்டது.

ஒரகடம் பக்கம் தேவசகாயம் பட்டறை என்றால் தெரியாதவர் கிடையாது. ஒத்தை உலையோடு ஆரம்பித்தேன். இன்றைக்குப் பதினெட்டு பேர் வேலை செய்கிறார்கள். காய்ச்சின உளி எந்த நிறத்துக்கு வந்தால் தண்ணீரில் முக்கணும் என்பது என் கண்ணுக்கு அத்துப்படி. படித்த இன்ஜினியர்களே காரில் வந்து என்னிடம் கேட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட நான், நிமிஷத்துக்கொரு தரம் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது.

எனக்காக ஜெபித்தது என் மனைவி எஸ்தர். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். உபவாசத்தில் மெல்லக் கூடாது, குடிக்கலாம். காபி, மோர், கஞ்சி எதையும் யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. எஸ்தர் மட்டும் பச்சைத் தண்ணியைத் தவிர ஒன்றும் தொடமாட்டாள். "ஆண்டவரே, இந்த வூட்ல நெஞ்சுக்குள்ள இன்னா கீதுன்னு எங்களுக்குக் காட்டுங்க." இதுதான் அவள் ஜெபம். வேறொன்றும் கேட்கமாட்டாள்.

படப்பை டாக்டர் ரத்தத்தில் கொழுப்பு பார்க்கச் சொன்னார். தாம்பரத்தில் ஒரு லேபில் அதற்கு மெஷின் வந்திருந்தது. வெளிச்சம் விட்டுப் பார்த்தே கொழுப்பின் அளவைச் சொல்லிவிடுமாம். அதை வைத்து, மாரடைப்புக்கு இடமிருக்கிறதா என்று டாக்டர் சொல்வார். "பன்னிரண்டு மணி நேரம் உபவாசமா இருந்துட்டுப் போங்க" என்றார். உபவாசம் நமக்குத் தெரியாததா? ஆனால் எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. "ரத்தம் குடுக்கப் போற மனுஷன் வெறும் வயித்தோட போவலாமா?" என்று ஒரு சொம்பு ஆட்டுக்கால் சூப் கொடுத்தாள். நான் மெல்லவில்லை. குடித்தேன்.

லேப்காரத் தம்பி தென்பக்கத்துப் பிள்ளை. ரத்தத்தை ஒரு மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு, மேலே தெளிகிற நீரைத் தூக்கிப் பார்த்தார். பால் மாதிரி வெள்ளை.

"பெரியவரே, காலையில என்னத்தக் குடிச்சிட்டு வந்திய?"

"சூப்புதான் தம்பி. மெல்லவே இல்ல."

"நல்லா இருந்திய உபவாசம்! சூப்புக் கொழுப்பு மெதக்குற இதுக்குள்ள வெளிச்சம் எப்படிப் போவும்? இன்னொரு நாள் வாங்க. காவலுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்தரோடு போனேன். ஊசியைப் பார்த்ததும் என் கை ஆடியது. அவள் சிரித்துவிட்டாள். "சம்மட்டி புடிக்கிற கையப் பாரு, கொசு மாதிரி ஊசிக்கு நடுங்குது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாமே சிரிக்கிற? தம்பி, இவளையும் ஒரு குத்து குத்து. அதுக்கும் நானே காசு குடுக்கறேன்."

"எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தான கீறேன்."

விடவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று தம்பி கேட்டார். நேற்று ராத்திரி சாப்பிட்டதுதான் என்றாள். சரியாகப் போயிற்று என்று அவளுக்கும் எடுத்தார்.

தெளிந்த நீரில் மருந்தைக் கலந்து ரெண்டு கண்ணாடிக் குழாயையும் நிற்கவைத்தார். கொழுப்பு கூடக் கூட நிறம் அடர்த்தியாகும் என்றார். கொஞ்ச நேரத்தில் நிறம் ஏறியது. ஒன்று இளஞ்சிவப்பு. இன்னொன்று கருஞ்சிவப்பு. நிறம் பார்க்க எனக்கு மெஷின் வேண்டாம். என் கதை முடிந்தது என்று எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பசங்களப் பாத்துக்க" என்றேன்.

அந்த மெஷின் பெட்டியில் ஒருபக்கம் விளக்கு, மறுபக்கம் முள். நடுவில் குழாயை வைத்தால், நிறம் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்று முள் காட்டும். தம்பி முள்ளைப் பார்த்தார். குழாயில் ஒட்டின பேரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை, எஸ்தரைப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்குக் கொஞ்சம்தான் கூட. இந்தக் கருஞ்சிவப்பு அம்மாவுது."

பேர் மாறியிருக்கும் என்று சத்தம் போட்டேன். திரும்பவும் செய்து காட்டினார். அதே முள், அதே இடம்.

அப்போதுதான் எஸ்தர் வாயைத் திறந்தாள். தண்ணீர்க் குடம் தூக்கினால் இடது கையும் தாடையும் வலிக்கிறதாம். பல மாசமாகவாம். "ஏன்டி சொல்லல?" என்றேன். "உங்க பயத்துக்கு நடுவுல இத எங்க சொல்றது?" என்றாள்.

அந்த லேப் தரையிலேயே முழங்கால் போட்டேன். சாமுவேல் செத்ததிலிருந்து எனக்காகவே அழுதவன், அன்றைக்குத்தான் அவளுக்காக அழுதேன். "ஆண்டவரே, பட்டறையை எடுத்துக்கோ, என்னையும் எடுத்துக்கோ. இவள வுட்டுடு."

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருந்தது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எங்ககிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர். எஸ்தர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது: "நீங்க சாப்ட்டீங்களா?"

நான் சூப் குடிக்காமல் இருந்திருந்தால் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியிருப்பேன். எனக்காக அவள் இருந்த உபவாசத்தால்தான் அவள் ரத்தம் வெளிச்சத்துக்குத் தெளிவாக நின்றது. கேட்டது அவள். காட்டினது ஆண்டவர். நான் வெறும் சூப் குடித்தவன்.

இப்போது வீட்டில் டால்டா கிடையாது. குடம் தூக்குவது நான். முதலாளி வெங்காயம் உரிக்கிறார் என்று பட்டறையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களைவிட நன்றாகவே உரிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசமும் இப்போது என்னுடையது. மோர்கூடக் குடிப்பதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் உங்களுக்காக முழங்கால் போடுகிறவர் யாரோ, இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள். அப்புறம் ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்குக் கேட்கத் தெரியாதபோதே செய்தவர், உங்களைக் கைவிடமாட்டார்.