ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய கப்பல்

இட்லிக் கொப்பரையின் அருகே காதைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் வேகல" என்றார் ஏஞ்சலம்மாள். பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டப். அதில் முழ நீளத்துக்கு ஒரு கப்பல் மிதந்தது. அதன் புகைக்கூண்டின் பக்கமும் காதைச் சாய்த்தார். "இது ஆயிட்டு" என்று விரல் நுனியால் ஒரு திருகைத் திருப்பினார். கப்பல் ஒரு தும்மல் போட்டது. பிறகு டிக் டிக் என்ற சத்தத்தோடு நகர்ந்து, டப்பின் சுவரில் முட்டி, அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

"அவ்வளவுதான் நம்ம சமுத்திரம்" என்றார். "ஒனக்கு எத்தன இட்லி?"

ஐரோலியில் வேலை கிடைத்து மும்பை வந்த புதிது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டியிருந்தேன். காலைப் பலகாரம் வாங்கப் போன இடத்தில் நீராவிக் கப்பலைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. இட்லியை மறந்து, பாய்லர், பிஸ்டன் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், இயற்பியல் பட்டம். அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடுவதில்லை. அன்றிலிருந்து அந்தச் சந்தில் என் பெயர் போய்விட்டது. "நம்ம பீயெஸ்ஸி வந்திருக்கான், சட்னி கூட ஊத்து" என்பதுதான் எனக்கு வரவேற்பு.

ஏஞ்சலம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். குட்டையான, கெட்டியான உடம்பு. ஆவி பட்டுப் பட்டு வலது கன்னம் மட்டும் எப்போதும் மினுங்கும், அது கொப்பரைப் பக்கத்துக் கன்னம். திருநெல்வேலிச் சீமைப் பேச்சில் பம்பாய் இந்தியைத் தாளித்துக் கொட்டுவார். ஞாயிறு கோயிலில் பாட்டுக் குழுவில் மற்றவர்களுக்கு அரை அடி முன்னால் பாடுவார். "அவங்க பின்னால வாறாங்க, நான் என்ன செய்ய?" என்பார்.

கப்பல் ஆசை வந்தது துடைக்கிற துணியிலிருந்து. இட்லி வியாபாரம் முடிந்ததும் கொலாபாவில் ஒரு பார்சிப் பெரியவர் வீட்டுக்கு வேலைக்குப் போவார். பல வருஷம் போயிருக்கிறார். அந்த வீட்டுச் சுவர் முழுக்கக் கப்பல் படங்கள். பணக்காரர்கள் உல்லாசமாகக் கடலில் சுற்ற வைத்திருந்த பழைய நீராவி யாட்டுகள். தினமும் ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் துடைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க, விரலுக்குப் பழகிவிட்டது. முகப்பு கத்தி மாதிரி சரிந்து நீளுமா, நேராக இறங்குமா, புகைக்கூண்டு எவ்வளவு சாய்வு, கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது என்றெல்லாம் கேட்டால், இன்றைக்கும் காற்றில் விரலை ஓட்டித்தான் பதில் சொல்வார்.

அதில் அவருக்குப் பிடித்தது 'ஷிரீன்' என்ற யாட். "மத்ததெல்லாம் கப்பல். அது மாப்பிள்ள அழைப்புக்குப் போற கப்பல்" என்பார். பெரியவர் காலமாகி, வீடு கைமாறி, படங்கள் எங்கோ போன பிறகுதான் ஷிரீனைக் கட்டத் தொடங்கியிருக்கிறார். தகரம் எண்ணெய் டின்னிலிருந்து வந்தது. எஞ்சினுக்குப் பித்தளையைத் தாராவி லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். செய்முறைக்கு மகன் தள்ளிவிட்ட பழைய போனில் வீடியோக்கள். இங்கிலீஷ் பேச்சு தொந்தரவு என்று சத்தத்தை அடைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பார்.

ஷிரீனின் இடது பக்கத்தைப் பார்த்தால் கண் அகலாது. வட்ட ஜன்னல்கள், உயிர்காக்கும் படகு, முகப்பில் பொன் நிறக் கொடிச் சித்திரம், மஞ்சள் புகைக்கூண்டு. கப்பலைத் திருப்பினால் வலது பக்கம் வெறும் வெள்ளை. ஒரு கோடு கிடையாது.

"ஏன் அத்தை, பெயின்ட் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"படத்துல கப்பலு இடது கைப் பக்கமால்லா போவுது. இந்தப் பக்கம் நான் பாக்கலயே மக்கா."

"அந்தப் பக்கம் இருக்கிற மாதிரியேதானே இந்தப் பக்கமும் இருக்கும்?"

"ஒன் மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒண்ணு போலயா இருக்கு? கண்ணாடியில போய்ப் பாரு."

இணையத்தில் நானும் தேடினேன். வேறு யாட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். ஷிரீன் இல்லை. பார்க்காததை வரைய மாட்டேன் என்று அவரும், பாதி முகத்தோடு அந்தக் கப்பலும் இருந்தார்கள்.

மகன் ஸ்டெர்லின் ஏசி மெக்கானிக். செம்பூரிலிருந்து வாஷி வரை பைக்கில் அலைகிற பையன். அம்மாவின் கப்பலைத் தொட்டதில்லை. பரணில் அவனுடைய டூல் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஷிரீன் உட்கார்ந்திருக்கிறது என்பதில் அவனுக்கு நிரந்தரக் கடுப்பு. "க்யா மம்மி, காசு ஃபுல்லா ஒன் டைம்பாஸ்லயே போவுது. கப்பல் கம்பெனி ஓனரம்மா, இன்னிக்காவது சோறு உண்டா?" என்பான். "ஒன் டூல் பெட்டி மிதக்குமால? மிதந்தா மேல வை" என்பார் ஏஞ்சலம்மாள்.

அவருடைய ஆசை ஒன்றுதான். டப் சுவரில் முட்டாமல் ஷிரீன் ஒரு தடவை ஓட வேண்டும். கண்ணுக்கு எட்டுகிற தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். நெருளில் ஒரு ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிப் படகுக்காரர்கள் கூடுகிறார்கள் என்று நான்தான் அலுவலகத்தில் கேட்டு வந்து சொன்னேன். அந்த வாரம் முதல் முறையாக ஏஞ்சலம்மாள் கோயில் பாட்டுக்கு விடுப்புச் சொன்னார்.

ஏரிக்கரையில் எல்லாம் பேட்டரிப் படகுகள். நீராவி என்றதும் கூட்டத்திலிருந்து பத்ரிநாராயணன் எழுந்து வந்தார். மாட்டுங்காக்காரர், தொழிற்சாலை பாய்லர்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஷிரீனை இரண்டு கையாலும் வாங்கி, இடது பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு பாய்லரைக் கழற்றச் சொன்னார்.

"மொதல்ல பச்சைத் தண்ணி ரொப்பி, பம்ப் பண்ணிப் பாக்கணும்மா. ஓட்டறச்சே இருக்கறதை விட ரெண்டு பங்கு அழுத்தம் தாங்கணும். அப்பறந்தான் தீ வெக்கலாம்."

"பச்சத் தண்ணி சத்தமே போடாதே. எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"கேஜ் முள்ளு சொல்லும்."

கைப்பம்பை மெதுவாக அழுத்தினார். முள் ஏறியது. பாதி வழியில் நின்று, மெல்லச் சரிந்தது. பாய்லரின் ஓரப் பொருத்தில் ஒரு சொட்டு நீர் பூத்தது.

"ஈயம் வெச்சு ஒட்டியிருக்கேளே" என்றார் பத்ரிநாராயணன்.

"தெரிஞ்சுதான் ஒட்டினேன். ஆவி மிஞ்சினா ஈயம் விட்டுரும். எங்க கொப்பரையில மூடி தூக்குத மாதிரி."

"கொப்பரைக்கு மூடி மேல இருக்கும்மா, நேரா மேல தூக்கும். இது எந்தப் பக்கம் பிட்டுக்கும்னு நமக்குச் சொல்லிட்டா பிட்டுக்கும்? சுத்தி குழந்தைகள் நிக்கறது பாருங்கோ. இந்த பாய்லருக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

ஏஞ்சலம்மாள் குழந்தைகளைப் பார்த்தார். ஷிரீனைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது, ஈயம் எவ்வளவு சீக்கிரம் உருகும், செம்பு எவ்வளவு தாங்கும் என்று நான் விளக்கினேன்.

"இத முன்னாலயே சொல்லதுக்கு என்ன? பட்டத்தப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கியோ?" என்றார்.

அதன் பிறகு ஷிரீன் பரணில் மூட்டையாகவே கிடந்தது. நீல டப்பில் துணி ஊறியது. இட்லி வாங்கப் போனால், "இன்னும் வேகல" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டார். கப்பலைப் பற்றி நானாகக் கேட்டால், "இருக்கு" என்பார். மூன்றாவது வாரம், டூல் பெட்டியை இனிமேல் மேலே வைத்துக்கொள் என்று மகனிடம் அவரே சொல்லிவிட்டார். ஜெயித்தவன் மாதிரி ஸ்டெர்லின் பரணில் ஏறினான். இறங்கும்போது அவன் கையில் பாய்லர் இருந்தது.

நான் அப்போது வாசலில் தட்டோடு நின்றேன். அவன் பாய்லரை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"மம்மி, காப்பர்ல ஈயமா? எவன் சொன்னான் ஒனக்கு? நாங்க ஏசி பைப்ப எப்படி ஒட்டுதோம்னு கேக்க மாட்டியா?"

"நீ கேக்க விட்டியால?"

"இதுல இனிமே நாங்க ஒட்டுத வெள்ளி ராடு பிடிக்காது. ஈயம் பட்டுட்டு. புதுசாதான் பண்ணணும்." கொஞ்சம் யோசித்தான். "ஐரோலி சைட்ல தடிப் பைப் கட் பீஸ் கெடக்கு. சூப்பர்வைசர்ட்ட கேட்டு எடுத்துட்டு வாறேன். ரெண்டு முனைக்கும் மூடி நீ வெட்டிரு. அளவு தப்பினா என்னையச் சொல்லாத."

"நான் வெட்டினா தப்பாது. நீ ஓட்ட இல்லாம ஒட்டு."

அடுத்த ஞாயிறு மத்தியானம் சந்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு அந்த வேலை நடந்தது. ஸ்டெர்லின் டார்ச்சைக் கொளுத்தினான். செம்பு சிவந்தது. வெள்ளி கலந்த ராடு தொட்ட இடத்தில் உருகிப் பொருத்தைச் சுற்றி ஓடியது. ஏஞ்சலம்மாள் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஒரு முறை, "அந்தப் பக்கம் ஒரு துளி" என்றார். "தெரியும் மம்மி, கிட்கிட் பண்ணாத" என்றான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு துளி வைத்தான்.

மறுபடி நெருள். இந்த முறை மூன்று பேராகப் போனோம். பத்ரிநாராயணன் பம்பை அழுத்த, முள் ஏறி, உச்சிக்குப் போய் நின்றது. ஏஞ்சலம்மாள் குனிந்து பாய்லரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

"முள்ளு நகராம இருக்கணும். இருந்தா பாஸ்" என்றார் பத்ரிநாராயணன்.

"நகராம இருந்தா பாஸா? இந்தா நிக்கானே, இவன் பத்தாங்கிளாஸ் பரீச்சையில அப்படித்தான் இருந்தான், ஃபெயிலுல்லா ஆக்குனாங்க."

"அம்மா, பொருத்து போட்டது யாராக்கும்?" என்று முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் பத்ரிநாராயணன்.

ஏஞ்சலம்மாள் ஸ்டெர்லினை முன்னால் தள்ளினார். "ஏம் மவன்."

"பிரமாதம். ஒரு சொட்டு இல்லை. தீ வெச்சுக்கோங்கோ."

ஷிரீன் தண்ணீரில் இறங்கியது. இடது பக்கம் எங்களைப் பார்க்க, ஜன்னல்களும் பொன் கொடியும் வெயிலில் மின்ன, கரையோரமாகவே கிளம்பியது. கொலாபாச் சுவரில் நின்ற அதே கோலம். பிறகு சுக்கான் மெல்ல அதை வலது புறம் திருப்பியது. கரையை விட்டு விலகி, சிறிதாகி, டிக் டிக் சத்தமும் தேய்ந்து, ஏரி நடுவில் வட்டத்தின் மறு ஓரத்தை எட்டியது. அப்போது வெள்ளைப் பக்கம் எங்கள் பக்கம் திரும்பியது. அலையின் வெளிச்சம் அதன் மேல் நெளிந்தது.

ஏஞ்சலம்மாளின் வலது கை ஆள்காட்டி விரல் தானாக நீண்டு, இல்லாத ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தொட்டபடி, காற்றில் முகப்பிலிருந்து பின்புறம் வரை மெதுவாக ஓடியது.

ஆவி தீர்ந்து ஷிரீன் கரைக்குச் சற்றுத் தள்ளி நின்றபோது, ஸ்டெர்லின் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தான். "மம்மி, இன்னொரு ரவுண்டு போடுவமா? பிந்தாஸா போச்சு" என்றான். ஏஞ்சலம்மாள் கப்பலை மடியில் வைத்து, விரலில் முந்தானையைச் சுற்றி வெள்ளைப் பக்கத்தைத் துடைத்தார். "மொதல்ல இத முடிச்சிருதேன்" என்றார். "இப்பத்தான பாத்தேன்."

ஏஞ்சலம்மாள் இப்போதும் லேபர் கேம்ப்பில்தான் இட்லி போடுகிறார். மூடி கழற்றிய பழைய பாய்லரில் கரண்டிகள் நிற்கின்றன. பரணில் டூல் பெட்டியும் ஷிரீனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. போன வாரம் போனபோது வெள்ளைப் பக்கத்தில் முதல் ஜன்னலை வரைந்துகொண்டிருந்தார். கொப்பரை கொதித்தது, தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு அதன் பக்கம் காதைச் சாய்த்தார்.