யோகமலர் வாயில் வைக்காத மோலே

என் மனைவி யோகமலரைப் பற்றி யாராவது, "அவ எங்கையோ வெள்ளைக்காரன்ரை கடையிலை கோப்பை கழுவுறா" என்று சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். முதலாவது, அது வெள்ளைக்காரனின் கடை இல்லை, மெக்சிக்கோக்காரருடையது. இரண்டாவது, அவள் கோப்பை கழுவியது முதல் ஏழு மாதம் மட்டும்தான். பிறகு அந்தக் கடையின் மிளகாய் மூட்டை முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் இதை எத்தனை பேருக்குத்தான் விளங்கப்படுத்துவது? அதனால் எழுதியே வைக்கிறேன்.

1992இல் வேலைக்குப் போனாள். நாங்கள் நகரத்தின் ஓரத்தில், அஜின்கோர்ட்டில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எனக்குக் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. அவளுக்கு டவுன்ரவுனில், கிங் வீதிக்குப் பக்கத்தில் அந்த உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. ஒருநாள் அங்கே சமையல்காரன் ஒருவன் காய்ந்த மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு ரெலிபோனில் கதை அளந்துகொண்டு நின்றிருக்கிறான். இவள் சவர்க்கார நுரைக் கையோடு ஓடிப்போய் அடுப்பை அணைத்து, கருகியதைக் குப்பையில் கொட்டி, வேறு மிளகாய் எடுத்துத் தானே வறுத்திருக்கிறாள். ஒருவரையும் கேட்கவில்லை.

"என்னப்பா செய்யிறது? கருகின மணம் வந்தாப் பிறகு எனக்கு நிக்கேலாமல் போச்சு" என்றாள் வீட்டுக்கு வந்து. வேலை போய்விட்டது என்று நினைத்து அன்று முழுக்க ஒரே அழுகை. மறுநாள் முதலாளி அர்த்தூரோ அவளிடம் ஒரு ஏப்ரனையும் மிளகாய் மூட்டையையும் கொடுத்துவிட்டார்.

அர்த்தூரோவே அங்கே தலைமைச் சமையல்காரரும். தன் தாய் ஊரில் அண்டாவில் காய்ச்சியதை இவர் பெரிய வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையின் நடுவில் உள்ளங்கை அளவு வைத்து விற்பார். புது முறையாம். பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்து எழுதின. கடையின் பெரிய பெயர் வாத்து இறைச்சியோடு வரும் மோலே என்ற குழம்புக்குத்தான். மூன்று விதக் காய்ந்த மிளகாய், எள்ளு, பாதாம், கறுவா, கராம்பு, கசப்புச் சொக்லேற் என்று இருபத்திரண்டு சாமான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, அரைத்து, அந்த விழுதைக் கொழுப்பில் வதக்கி, கோழி ரசம் விட்டுக் காய்ச்ச வேண்டும். வறுப்பதும் அரைப்பதும் காய்ச்சுவதும் யோகமலர்.

ஆனால் அவள் சுத்த சைவம். முட்டை கூடச் சாப்பிட்டதில்லை. வீட்டில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைப்பாள், ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை, ஒருநாளும் பிழைத்ததுமில்லை. ஆவியில் முகத்தைக் காட்டுவாள், அவ்வளவுதான். கடையிலும் அப்படியே நடத்தினாள். எல்லோரும் கரண்டியால் ருசி பார்க்கும்போது இவளும் ஒரு கரண்டி எடுப்பாள், மற்றப்பக்கம் திரும்புவாள், கழுவும் தொட்டியில் போட்டுவிடுவாள். மத்தியானம் அவர்கள் சாப்பிடும்போது தன் சோற்றுப் பெட்டியைத் திறப்பாள். வீட்டுச் சாப்பாட்டில் ஆசை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சைவம் என்று தெரிந்தால் அடுப்படியிலிருந்து திரும்பவும் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

1997 ஐப்பசியில் சாஸ்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வான்கூவருக்குப் போனார். அந்த இடத்தை யோகமலருக்குத் தருவதாக அர்த்தூரோ சொல்லியிருந்தார். சம்பளம் கூடும், அது ஒரு பக்கம். "இனி என்னை அவையள் 'ஏய்' எண்டு கூப்பிடேலாது. நான்தான் நாலு பேருக்கு வேலை சொல்லுவன்" என்றாள் சட்டைக்கு அயன் போட்டபடி. மகள் மயூரி பிறந்த அன்று அந்த முகத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஐந்து வருடம் முடித்தவர் குடும்பத்தோடு வந்து, முன்பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பதவி உயர்வையும் மேசையில் வைத்தே அர்த்தூரோ சொல்வார். எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்.

நான் கோட்டும் ரையும். அவள் பட்டுச்சேலை, அதற்கு மேலே குளிர்ச்சட்டை. மயூரிக்குப் பதினைந்து வயது, எங்களோடு சப்வேயில் வரவே வெட்கம். "அப்பா, நோபடி வெயார்ஸ் எ ரை" என்று மூன்று தரம் சொன்னாள்.

"வாத்து வந்தா நைசா உங்கடை கோப்பைக்குத் தள்ளிவிடுவன், நீங்கள் சத்தம் போடாமல் சாப்பிடுங்கோ" என்று மனைவி ரயிலில் எனக்குச் சட்டம் போட்டாள். நானும் தலையாட்டினேன்.

அவள் ஐந்து வருடமாக அந்தக் கடைக்குள் போய்வந்தும் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்ததில்லை. நுனியில் இருந்தாள். பரிமாறுகிற பெடியன் தண்ணீர் ஊற்ற வந்தபோது எழும்பிப் போத்தலை வாங்கப் போனாள், நான் சேலையில் பிடித்து இருத்தினேன். முதலில் ஐந்து சதக் காசு அளவில் ஒரு சோள ரொட்டி, மேலே பூசணிப் பூ. "உதென்ன, சாம்பிளோ?" என்று கேட்டேன். மயூரி மேசைக்குக் கீழே உதைத்தாள். யோகமலர் அந்த ரொட்டியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "நல்லாச் சுட்டிருக்கிறான்" என்று சாப்பிட்டாள்.

பிறகு வந்தது வாத்தும் மோலேயும். அர்த்தூரோவே மூன்று கோப்பைகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் ஒரு துண்டைக் குழம்பில் பிரட்டி வாயில் வைத்தேன். கடவுளே! முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு, அடியில் ஒரு கசப்பு. விழுங்கிய பிறகும் போகமாட்டேன் என்கிறது. இத்தனை வருடம் இவளைக் காலையில் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? என் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பிள்ளை, அவரிட்டைச் சொல்லு. அம்மா மச்சம் மாமிசம் சாப்பிடாத மனிசி. இதை ஒருநாளும் வாயிலை வைச்சுப் பாத்ததில்லை. முழுக்க மணத்திலை செய்தது எண்டு சொல்லு."

எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை. சுவாமிக்குப் படைப்பதை ருசி பார்த்தா சமைப்போம்? வாயில் வைக்காமலே பக்குவம் பிழையாமல் இறக்குகிறவளைத்தான் கைராசிக்காரி என்போம்.

"அப்பா, ஆர் யூ ஷுவர்?" என்றாள் மயூரி. மேசைக்குக் கீழே யோகமலர் என் தொடையில் கிள்ளினாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன், விசரன்.

"சொல்லடி!" என்றேன்.

மயூரி ஆங்கிலத்தில் சொன்னாள். அர்த்தூரோவின் முகம் அப்படியே மாறிவிட்டது. "ஐந்து வருடமாகவா?" என்று கேட்டார். "ருசி பார்க்காத ஒருவரிடம் என் சாஸை நான் எப்படி ஒப்படைப்பேன்?" அவ்வளவுதான். திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். பதவி பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"இப்ப திருப்தியே?" யோகமலர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. "அஞ்சு வரியம் பொத்திப் பொத்தி வைச்சதை ஒரு நிமிசத்திலை கொட்டிப் போட்டியள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே உங்களுக்கு?"

பிறகு அவள் முள்ளுக்கரண்டியை எடுத்தாள். வாத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டினாள்.

"மலர், என்ன செய்யிறீர்?"

"சாப்பிட்டாத்தானே தருவார். சாப்பிடுறன்."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மீன் வெட்டிய கத்தியை இரண்டு தரம் கழுவாமல் தொடாதவள். "உமக்கு இந்த வேலை அவ்வளவு வேணுமோ?" என்றேன்.

"ஓம்" என்றாள். கண்ணீர் கன்னத்தால் ஓடி வந்தது, துடைக்கவும் இல்லை.

"கரண்டியைக் கீழை வையும். நான் வாறன்."

எழும்பிக் குசினிக்குள் போனேன். வாடிக்கையாளர் போகக்கூடாத இடமாம், யாருக்குத் தெரியும்? மயூரி பின்னால் ஓடி வந்தாள். அர்த்தூரோ அடுப்புக்கு முன்னால் நின்றார். "சேர், மை மிஸ்ரேக்" என்று தொடங்கினேன், அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. "பிள்ளை, கேள். அந்தக் குழம்பிலை மச்சம் எது?"

"பன்றிக் கொழுப்பும் கோழி ரசமுமாம், அப்பா."

"அது ரெண்டும் இல்லாமல் செய்யேலாதோ எண்டு கேள்."

மயூரி கேட்டாள். அர்த்தூரோ யோசிக்காமலே பதில் சொன்னார். செய்யலாமாம். ஈஸ்டருக்கு முன்வரும் நாற்பது நாள் விரதத்தில் அவருடைய தாய் அப்படித்தான் செய்வாராம், எண்ணெயும் மரக்கறி அவித்த தண்ணீரும் விட்டு. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "என் தாயும் அந்த நாட்களில் இறைச்சி தொடமாட்டார்" என்றார் மெதுவாக.

புதுச் சட்டி ஒன்றை எடுத்தார். கைகளைக் கழுவினார். எண்ணெய் விட்டு, முதல் நாள் யோகமலர் அரைத்து வைத்த விழுதை வதக்கி, மரக்கறித் தண்ணீர் விட்டுக் காய்ச்சினார். கால் மணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் காவல் நின்றோம். பிறகு சட்டியோடும் ஒரு புதுக் கரண்டியோடும் மேசைக்கு நடந்தார்.

யோகமலர் சட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "மச்சம் இல்லையே?"

"இல்லை அம்மா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கரண்டியை வாங்கினாள். இந்தத் தடவை மற்றப்பக்கம் திரும்பவில்லை. வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் கைலேஞ்சியைத் தேடினேன்.

கண்ணைத் திறந்தாள். "எள்ளு கூடிப்போச்சு" என்றாள்.

"என்ன?"

"மிளகாயின்ரை கைப்பு ஏறிவர முந்தி எள்ளு வந்து மூடுது. எள்ளுக்கு மணம் குறைவு, அதுதான் நான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறன். ஐயோ முருகா, அஞ்சு வரியமாய் உதையோ நான் சனத்துக்குக் குடுத்தனான்?"

மயூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அர்த்தூரோ கரண்டியை வாங்கித் தானும் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாயும் எடுத்தார். பிறகு மயூரியிடம் ஏதோ சொன்னார்.

"நீங்கள் சொன்னது சரியாம் அம்மா. நாளையிலிருந்து சாஸ் எல்லாம் உங்கடை பொறுப்பாம். நாளைக்கு மூண்டு மணிக்கு வரட்டாம்."

"நாளைக்கோ?" யோகமலர் எழும்பிவிட்டாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இந்தச் சனமெல்லாம் இப்பவெல்லே சாப்பிட்டுக்கொண்டு இருக்குது!" என்று சொல்லிக்கொண்டே சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.