விரிசலின் மேல் வைத்த சந்தனம்

அந்த மனிதரின் வலக்கை கெட்டதற்கு நான்தான் காரணம். விதி அல்ல, கெட்ட நேரம் அல்ல... நான்!

தென்காசியில் பழைய கார்களின் உடைந்த பிளாஸ்டிக் பாகங்களைச் சரிசெய்வது என் தொழில். டேஷ்போர்டு, விளக்கு மூடி, ஸ்டீயரிங்... எதையும் புதிதுபோல் ஆக்கிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். கேட்கவே அருவருப்பாக இல்லையா உங்களுக்கு?

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற வீரகேரளம்புதூர் அண்ணாச்சி ஒருவர், தம் பழைய அம்பாசிடரை ஆயுத பூசைக்கு நான்கு நாள் முன்பே கொண்டுவந்து விட்டார். ஸ்டீயரிங்கில் இரும்பு வளையத்தை மூடியிருந்த பிளாஸ்டிக், கை பிடிக்கும் இடத்திலேயே வெடித்திருந்தது. விரிசலை அரத்தால் அகலமாக்கி, எபாக்ஸி என்னும் கெட்டிப் பசையை அடைத்து, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டுப் பிறகு தேய்த்து வண்ணம் பூச வேண்டும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

ஆனால் பழைய குற்றாலத்தில் தண்ணீர் அருமையாக விழுகிறது என்று சேக்காளிகள் கூப்பிட்டார்கள். போனேன். மறுநாளும் போனேன். குளித்தேன், பரோட்டா தின்றேன், உறங்கினேன்... பூசையன்று காலையில்தான் குறுக்கு வழியாக விரிசலில் சோடா உப்பைத் தூவி, நொடியில் ஒட்டும் பசையை ஊற்றினேன். அமுக்கிப் பார்த்தபோது அது மீண்டும் வாய் பிளந்தது. அண்ணாச்சியோ வாசலில் வந்து நிற்கிறார்!

அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பூசைத் தட்டிலிருந்த சந்தனத்தை அள்ளி விரிசலின் மேல் அப்பினேன். நடுவில் குங்குமம் வைத்தேன்.

"பூச போட்டு வச்ச பொட்டு அண்ணாச்சி, தொடச்சிராதீங்க. தானா உதிரட்டும்" என்றேன்.

அவர் பக்தியோடு தலையாட்டினார். பூசைப் பொட்டை யார் துடைப்பார்கள்? அதை நம்பித்தானே வைத்தேன்... சீ!

மூன்றாம் நாள் குற்றாலம் சாலை வளைவில் எதிரே பேருந்து வர, அவர் ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பாக இழுத்துத் திருப்பியிருக்கிறார். பிளாஸ்டிக் பிய்ந்து உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. வண்டி வயலில் இறங்கி நின்றது. உயிர் தப்பியது, கை நரம்பு அறுந்தது. இன்று அவரால் சோற்றைப் பிசைந்து உண்ண முடியவில்லை. மனைவி உருட்டித் தருகிறார்.

கட்டுப் போட்ட கையோடு என் பட்டறைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்...! பூசைக்கு முதல் நாள் கறி தின்றுவிட்டாராம், அந்தக் குற்றத்துக்குத்தான் இந்தத் தண்டனையாம்.

"நீ பூச போட்டுத் தந்ததாலதாம்லே கையோட போச்சு. இல்லன்னா இன்னைக்கு நான் இங்கன நிப்பனா?" என்று கண் கலங்கினார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

விரிசலை மறைத்தபோது பயந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வேன்? அன்றிலிருந்து அவர் கறியைத் தொடுவதில்லை. சுவாதி நட்சத்திரம்தோறும் கீழப்பாவூர் நரசிம்மர் முன்னால் போய் நின்று, செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறார்.

போகிற இடமெல்லாம் என்னைக் கைராசிக்காரன் என்று சொல்லி வண்டிகளை அனுப்பிவைக்கிறார். நாளை நீங்களும் வரலாம். அவர் பெயரைச் சொல்லித்தான் சாவியை நீட்டுவீர்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.