காற்றாடிக்குக் கீழே

எனக்குப் பொறுமை கிடையாது. இதை என்னைப் பெற்ற உம்மாவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவ. அதனால் நான் செய்ததைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எங்கள் பக்கம் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். வாப்பா தன் பள்ளக்காணியை இரண்டாகப் பிரித்து மூத்தவள் ராத்தாவுக்கும் இளையவள் எனக்கும் சீதனமாகத் தந்தார். கல்முனைக்கு மேற்கே, சதுப்போடு ஒட்டிய நிலம். மாரி பிடித்தால் வயல் குளமாகிவிடும். நடு வரம்பில் வாப்பா கட்டிய காற்றாடி ஒன்று நின்றது. தென்னம் மரத்தில் நான்கு கைகள், உரப்பையில் தைத்த பாய்கள். காற்று சுழற்றினால் பலகைச் சங்கிலி வயல் தண்ணீரை அள்ளி, வரம்புக்கு மேலால் வாய்க்காலில் கொட்டும். முன்பு பம்ப் வைத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் சிரித்தவர்களே காற்றாடி கட்ட மரம் தேடினார்கள்.

ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு வயலைத்தான் இறைக்கும். வாப்பா முறை ஒன்று வகுத்து வைத்துவிட்டுத்தான் மௌத்தானார். பொழுது படும்போது சொல்லும் மஃரிப் பாங்கிலிருந்து மறுநாள் மஃரிப் பாங்கு வரைக்கும் ஒரு மகளுக்கு, அடுத்த பாங்கு வரைக்கும் மற்றவளுக்கு. பாங்கு கேட்டதும் ஒரு பக்க மடையை அடைத்து மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அந்த வருட மாரி பேய் மாரி. முளைத்த பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் ஒருநாள் மூழ்கினால் அழுகல்தான். இரண்டு வயலுக்கும் அதே கதி. அன்று முழுக்க எங்கள் முறை, மஃரிபோடு ராத்தாவின் முறை.

பொழுது பட்டும் என் மனிசன் வரவில்லை. வயல் வட்டைக்குப் போனவன் வீடு திரும்பினால்தான் உண்டு என்றிருந்த காலம். வரம்பிலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் போன கதைகள் ஊரில் நிறைய. ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அவளும் வாசலில் நின்று, "மச்சானும் வரல்ல புள்ள" என்றாள். யா அல்லாஹ் என்று இரண்டு பேரும் மழைக்குள் ஓடினோம்.

கத்திய சத்தம் தூரத்திலேயே கேட்டது. கொல்ல வந்தவன் எவனும் இல்லை. எங்கள் இரண்டு புருசன்மாரும்தான்.

"பொழுது பட்டுட்டு, மடைய அடைடா!" என்றார் மச்சான், ராத்தாவின் மனிசன்.

"பாங்கு கேக்கல்லியே! பாங்கு சொல்லட்டும், அடைக்கன்," என்றார் என் மனிசன்.

எப்படிக் கேட்கும்? கரண்ட் இல்லை, பள்ளி ஒலிபெருக்கி ஊமை. மோதினார் வாயால் சொன்ன பாங்கு அந்தக் காற்றில் கடைத்தெருவைக்கூடத் தாண்டியிராது. பாங்குக்காகச் சண்டை பிடித்த இருவருமே மஃரிப் தொழவில்லை. நல்ல தீன்தாரிகள்!

மச்சான் மண்வெட்டியால் மடையைக் கொத்தப் போனார். இவர் குறுக்கே விழுந்தார். மண்வெட்டி இவருடைய தோளைப் பிளந்தது. இரத்தத்தைப் பார்த்ததும் இவருக்கு வெறி பிடித்துவிட்டது. மச்சானின் கழுத்தைப் பிடித்துக் காற்றாடிக்குக் கீழே இழுத்தார். சுழன்று வந்த கை மச்சானின் தாடையில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் இவர் விடவில்லை. அடுத்த கைக்கு அவர் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"விடுங்க! மையித்தாப் போயிருவாரு, விடுங்க!" என்று கத்தினேன். ராத்தா இவருடைய முதுகில் குத்தினாள், கடித்தாள். ஒன்றும் உறைக்கவில்லை. அந்தக் காற்றில் காற்றாடியை நிறுத்த இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். அந்த இரண்டு பேரும்தான் அதற்குக் கீழே கிடந்தார்கள்.

வரம்போரக் காவல் வாடிக்குள் பாய்ந்து கத்தியை எடுத்தேன். அதைக் கண்டு ராத்தா, "அவர வெட்டிராதடி!" என்று அலறினாள். இவரை வெட்டவும் எனக்கு மனம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காற்றாடியைச் சாயாமல் பிடித்து நின்ற கடல் பக்கத்து இழுகயிற்றைத்தான் வெட்டினேன். ஒரே வெட்டில் அறவில்லை. "நாசமாப் போ, நாசமாப் போ" என்று ஏசி ஏசி வெட்டினேன். கயிறு அறுந்ததும் வாடைக்காற்று மிச்ச வேலையைப் பார்த்தது. வாப்பாவின் காற்றாடி அவர்கள் கிடந்ததற்கு மறுபக்கம், மேற்காகச் சரிந்து, முறிந்து, தண்ணீருக்குள் விழுந்தது.

சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. இவர் கையை விட்டுவிட்டு, இரத்தம் ஒழுக ஒழுக, விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இனிச் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு வயலும் தாழப்போகிறது என்பது அங்கே நின்ற நால்வருக்கும் தெரியும்.

ராத்தா எழுந்து வந்து என் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

"வெட்டுறண்டா அவர்ர பல்லுப் போறதுக்கு முன்னமே வெட்டியிருக்கக் கூடாதாடி?"

பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

பயிர் அழுகி நாறியது. அந்த வருடம் அவள் மச்சானுக்குக் கஞ்சி ஊட்டினாள், நான் இவருடைய காயத்துக்கு மருந்து கட்டினேன். ஒருநாள்கூட அந்த இரண்டு புருசன்மாரோடும் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் சோறு குறைந்துதான் போனது. சாப்பிட வைக்கும் கோப்பை ஒன்றும் குறையவில்லை.